குழந்தையின் அசைவும் ஆடற்கல்வியும்: சாந்திநிகேதன், அல்மோரா மரபு பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

குழந்தைகளுக்கான ஆடற்கல்வி என்றவுடன் இந்தியச் சூழலில் மனத்தில் எழுவது, ஆசிரியர் முன்நின்று ஆடிக்காட்ட, மாணவர் வரிசையில் நின்று அதனை அவ்வாறே திருப்பிச் செய்யும் வகுப்பாகும். இதனின்றும் வேறுபட்ட முறை ஒன்றும் இருபதாம் நூற்றாண்டில் இந்நாட்டில் தோன்றி வளர்ந்துள்ளது. ஆசிரியர் ஒரு கருப்பொருளையோ தாளத்தையோ சூழலையோ தர, குழந்தை தன் உடலைக் கொண்டே அதற்கு விடை தேடும் முறை அது. நடத்தல், ஓடுதல், தாவுதல், சுழலுதல், குனிதல், நிமிர்தல் முதலிய இயல்பான செயல்களே அதன் முதற்பொருள்கள். அதனைப் 'படைப்பாக்க அசைவு' என இங்குக் குறிக்கலாம்.

இப்பெயரில் இன்று பெருநகரங்களில் நடைபெறும் வகுப்புகள் பெரும்பாலும் மேலைநாட்டு வரவாகவே கருதப்படுகின்றன. இக்கருத்து வரலாற்றோடு முழுமையாகப் பொருந்துவதன்று. சாந்திநிகேதனிலும் அல்மோராவிலும் இம்முறை இந்தியச் சூழலுக்கேற்ப உருப்பெற்றது. மரபுவழி ஆசான்களை விலக்காமல் அவர்களை உடன்கொண்டே அது வளர்ந்தது. அதன் பயனை மேடை நிகழ்ச்சிகளைக் காட்டிலும் வகுப்பறையிலேயே தேட வேண்டும். இம்மூன்று கருத்துகளையும் நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

தமிழ் மரபில் இரு நோக்குகள்

குழந்தையின் அசைவைத் தமிழிலக்கியம் இருவகையாக நோக்கியுள்ளது. ஒன்று, பிள்ளைத்தமிழின் நோக்கு. செங்கீரைப் பருவத்தில் குழந்தை ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, கைகளை நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுகிறது. சப்பாணிப் பருவத்தில் கைகொட்டுகிறது. வருகைப் பருவத்தில் தளர்நடையிடுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுபறையும் சிறுதேரும், பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானையும் ஊசலும் பருவங்களாக அமைகின்றன. குழந்தையின் வளர்ச்சியை அதன் உடலசைவுகளின் வரிசையாகவே கண்ட இலக்கிய வகை இது. இங்குக் கவிஞர் குழந்தைக்கு எதனையும் கற்பிக்கவில்லை. அதனிடம் ஏற்கெனவே உள்ள அசைவைக் கண்டு, அதனை வேண்டி நிற்கிறார்.

மற்றொன்று, சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை காட்டும் நோக்கு. மாதவி ஐந்தாம் அகவையில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டுகள் ஆடலும் பாடலும் பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறுகிறாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் எனப் பலரின் புலமை அச்சிறுமியின் உடலில் ஒன்றுசேர்கிறது. இங்குக் குழந்தையின் இயல்பான அசைவு பேசப்படவில்லை. கற்றுத் தேர்ந்த அசைவே பேசப்படுகிறது.

முன்னதில் அசைவு உண்டு, கல்வி இல்லை. பின்னதில் கல்வி உண்டு, குழந்தையின் தன்னியல்பான அசைவுக்கு இடம் குறைவு. முன்னதையே பின்னதற்கு அடித்தளமாக்க இயலுமா என்பதே இருபதாம் நூற்றாண்டின் கல்விச் சிந்தனையாளர் சிலர் எழுப்பிய வினா. அவ்வினா இந்தியாவில் செயலாக்கம் பெற்ற முதன்மையான களம் வங்கத்துச் சாந்திநிகேதன் ஆகும்.

சாந்திநிகேதன்: மரக்கிளையும் வகுப்பும்

இரவீந்திரநாத் தாகூர் இளமையில் பயின்ற பள்ளிகளில் எதிலும் நிலைக்கவில்லை. 1912-ல் நூலாக வெளிவந்த தம் இளமை நினைவுகளில், பள்ளியொன்றில் சிறுவர்கள் பொருள் அறியாத ஆங்கிலப் பாடலொன்றை நாள்தோறும் கூட்டமாகப் பாட வேண்டியிருந்ததையும், அதன் சொற்கள் சிறுவர் வாயில் உருத்தெரியாமல் சிதைந்ததையும் அவர் நகைச்சுவையோடு பதிவு செய்துள்ளார். 1918-ல் எழுதிய 'தோதா காஹினி' என்னும் கிளிக்கதையில் இக்கசப்பு உருவகமாகிறது. பறப்பதும் துள்ளுவதும் பாடுவதுமே அக்கிளியின் குற்றம். அதற்குக் கல்வி புகட்ட அரசன் ஆணையிடுகிறான். பொற்கூண்டு செய்யப்படுகிறது, ஏடுகள் வாயில் திணிக்கப்படுகின்றன, சிறகுகள் வெட்டப்படுகின்றன, இறுதியில் கிளி இறந்துபடுகிறது. கல்வியின் தோல்வியைத் தாகூர் அசைவின் இழப்பாகக் காட்டியிருப்பது இங்குக் கருதத்தக்கது.

1901-ல் தொடங்கிய அவருடைய பள்ளியில் வகுப்புகள் மரத்தடியில் நடைபெற்றன. மரக்கிளையில் ஏறி அமர்ந்து படித்த சிறுவனைக் கண்டு அனுபவமிக்க தலைமையாசிரியர் ஒருவர் வியப்பும் எரிச்சலும் உற்றதையும், அச்சிறுவனுக்காகத் தாம் வாதிட்டதையும் தாகூர் 'என் பள்ளி' என்னும் உரையில் விவரித்துள்ளார். உடலை அடக்கி மனத்தை வளர்க்கலாம் என்னும் எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. அக்காலத்துப் பள்ளிகளில் உடலுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது 'டிரில்' எனப்பட்ட அணிப்பயிற்சி. கட்டளைக்கேற்ப எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே அசைவைச் செய்வது அதன் நெறி. தாகூர் தேடியது இதற்கு மாற்றான ஒன்று.

1919 நவம்பரில் சில்ஹெட் சென்ற தாகூர், அங்கு மச்சிம்பூர் என்னும் மணிப்புரியர் ஊரில் அவர்களுடைய ஆடலைக் கண்டார். அதன் மென்மையும் வட்டமான இயக்கமும் அவரைக் கவர்ந்தன. இதன் தொடர்ச்சியாகத் திரிபுரா அரசரின் துணையோடு புத்திமந்த சிங் என்னும் மணிப்புரி ஆசிரியர் சாந்திநிகேதனுக்கு வரவழைக்கப்பட்டார். தொடக்கத்தில் அவரிடம் பயின்றவர்கள் சிறுவர்களே. தாளத்தோடு இயைந்த உடற்பயிற்சி என்ற அளவிலேயே அவ்வகுப்பு அமைந்தது. ஆடல் அங்குப் பள்ளிக்குள் நுழைந்த வழி, கலையின் வழியன்று, உடற்பயிற்சியின் வழியாகும்.

பின்னர் நவகுமார் சிங் வந்து மாணவியருக்குப் பயிற்சியளித்தார். 1926-ல் மாணவியர் நடித்த 'நடீர் பூஜா' சாந்திநிகேதனில் அரங்கேறியது. ஓவியர் நந்தலால் போஸின் மகள் கௌரி, புத்தருக்குத் தன் ஆடலையே காணிக்கையாக்கி உயிர்நீக்கும் ஸ்ரீமதி என்னும் நடனப்பெண்ணாகத் தோன்றினார். 1927 சனவரியில் இந்நாடகம் கல்கத்தா ஜொராசாங்கோவில் நிகழ்ந்தபோது தாகூரே உபாலி என்னும் பிக்குவின் வேடமேற்று மேடையில் தோன்றினார். குடும்பப் பெண்கள் பொதுமேடையில் ஆடுவது பழிக்கப்பட்ட காலத்தில், அறுபத்தைந்து வயதைக் கடந்த கவிஞர் அவர்களோடு மேடையில் நின்றமை அவர்களுக்கு அரணாயிற்று. அதே 1927-ல் சென்னைச் சட்டமன்றத்தில் தேவதாசி முறை ஒழிப்பை வலியுறுத்தி முத்துலட்சுமி ரெட்டி தீர்மானம் கொணர்ந்தார் என்பதை ஒப்பிட்டுக் காணலாம். பெண்ணுடல், ஆடல், சமூக மதிப்பு ஆகியன பற்றிய விவாதம் இரு மாகாணங்களிலும் ஒரே காலத்தில் இருவேறு வடிவில் நிகழ்ந்தது.

சாந்திநிகேதனில் ஆடல் முழுமையும் கட்டற்றதாக இருந்தது எனக் கூறவியலாது. மணிப்புரி, கதகளி, இலங்கையின் கண்டி ஆடல் ஆகியவற்றின் கூறுகள் அங்குப் பயிற்றப்பட்டன. ஆயினும் ஒரு மரபின் இலக்கணத்தை நிறைவாகக் கற்பிப்பது நோக்கமாக அமையவில்லை. பாடலின் பொருளை மாணவர் உணர்வதும், அவ்வுணர்வுக்கேற்ற அசைவை அறிந்த கூறுகளிலிருந்து தெரிந்தெடுப்பதுமே முதன்மை பெற்றன. மழைவிழா, வசந்தவிழா, 1928-ல் தொடங்கிய மரநடு விழா ஆகிய பருவ விழாக்களில் குழந்தைகள் அனைவரும் கலந்துகொண்டனர். அங்குப் பார்ப்பவர், ஆடுபவர் என்னும் பிரிவு குறைவாக இருந்தது.

டார்ட்டிங்டன்: கடல் கடந்த தொடர்பு

1921-ல் லெனார்டு எல்ம்ஹர்ஸ்ட் என்னும் ஆங்கில வேளாண் அறிஞர் சாந்திநிகேதன் வந்தார். அருகிலுள்ள சுருலில் 1922-ல் தொடங்கப்பட்ட ஊரகப் புனரமைப்பு நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார். ஊர்ப்புறச் சிறுவருக்கான 'சிக்ஷா சத்ரா' பள்ளி 1924-ல் தொடங்கியது. கல்வியில் அசைவின் இடம் குறித்துத் தாகூர் எல்ம்ஹர்ஸ்டிடம் விரிவாக உரையாடினார். எண்ணமும் உணர்ச்சியும் உடலில் வெளிப்பட்டு நிறைவுறுவது குழந்தையின் இயல்பு என்பதும், அதனை அசையாது அமர்த்திவைப்பது அவ்வியல்பை வறளச் செய்யும் என்பதும் அவ்வுரையாடலின் சாரம். இது எல்ம்ஹர்ஸ்ட் தொகுத்து 1961-ல் வெளியிட்ட நூலில் இடம்பெற்றுள்ளது.

1925-ல் எல்ம்ஹர்ஸ்டும் அவர் மனைவி டோரத்தியும் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் டார்ட்டிங்டன் ஹால் என்னும் பழம்பெரும் மாளிகையை வாங்கிப் பள்ளியும் கலைக்கூடமும் நிறுவினர். 1934-ல் கர்ட் யோஸின் நடனக்குழு செருமனியிலிருந்து அங்குக் குடியேறியது. 1938-ல் ருடால்ஃப் லாபன் அங்கு அடைக்கலம் பெற்றார். எடை, வெளி, காலம், ஒழுக்கு என்னும் நான்கு கூறுகளைக் கொண்டு மனித அசைவைப் பகுத்தறிந்த லாபன், 1948-ல் பள்ளிகளுக்கான நடனக் கல்வி பற்றிய நூலை வெளியிட்டார். இங்கிலாந்துத் தொடக்கப் பள்ளிகளில் படைப்பாக்க அசைவு பரவுவதற்கு அந்நூல் பெரிதும் துணைபுரிந்தது.

தாகூரின் சிந்தனை லாபனிடம் நேரடித் தாக்கம் செலுத்தியது எனக் கூறுவதற்கில்லை. லாபனின் கொள்கைகள் அதற்கு முன்பே மத்திய ஐரோப்பாவில் உருப்பெற்றவை. ஆனால், சாந்திநிகேதனில் பணியாற்றிய ஒருவர் உருவாக்கிய இடத்திலேயே லாபன் தம் ஆங்கில வாழ்வைத் தொடங்கினார் என்பது வரலாற்று உண்மை. படைப்பாக்க அசைவை மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வந்த ஒருவழி வரவாகக் காண்பது பொருந்தாது என்பதற்கு இவ்வொரு சான்றே போதுமானது. அவ்விடமே அல்மோரா முயற்சிக்கும் பொருளுதவி தந்தது.

அல்மோரா: நடத்தலும் ஒரு பாடம்

உதயசங்கர் (1900 - 1977) எந்த மரபுவழி ஆடலிலும் இளமைப் பயிற்சி பெற்றவர் அல்லர். சிறுவயதில் நஸ்ரத்பூர் என்னும் ஊரில் மாதாதீன் என்ற தாழ்த்தப்பட்ட வகுப்புக் கலைஞரின் ஆடலைக் கண்டு தாம் ஈர்க்கப்பட்டதை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். இலண்டன் அரசு கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்ற அவரை 1923-ல் அன்னா பாவ்லோவாவோடு இணைந்து ஆடிய வாய்ப்பு ஆடற்கலைக்குத் திருப்பியது. 1930களில் தம் குழுவோடு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பயணம் செய்த பின்னர், எல்ம்ஹர்ஸ்ட் குடும்பத்தினரின் துணையோடு இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் இந்தியப் பண்பாட்டு மையத்தை நிறுவினார். 1940-ல் அங்கு வகுப்புகள் முறையாக நடைபெறலாயின.

அங்குக் கற்பித்தவர் பட்டியல் குறிப்பிடத்தக்கது. கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி, மணிப்புரிக்கு அமுபி சிங், பரதநாட்டியத்திற்குக் கந்தப்பப் பிள்ளை, இசைக்கு அலாவுதீன் கான் எனத் தத்தம் துறைகளில் தலைசிறந்தோர் அங்குக் கூடினர். இவர்களோடு ஜோஹ்ரா சேகலும் ஆசிரியராக விளங்கினார். 1930களின் தொடக்கத்தில் டிரெஸ்டன் நகரில் மேரி விக்மனின் பள்ளியில் மூன்றாண்டுகள் பயின்றவர் அவர்; விக்மன் லாபனின் மாணவி. மையத்திற்கான ஐந்தாண்டுப் பாடத்திட்டத்தை வகுத்த பெருமை ஜோஹ்ராவுக்கு உரியது.

மரபு ஆடல்களை அவ்வவ் ஆசான்களிடம் பயில்வதோடு, உதயசங்கர் நடத்திய பொது வகுப்பும் தன்னாக்க வகுப்பும் அங்கு இடம்பெற்றன. பொது வகுப்பில் நடத்தலே ஒரு பாடமாக இருந்தது. இசைக்கேற்ப நடத்தல், குழுவாக உருமாறி நடத்தல், பிறர் நடையை உற்றுநோக்கி அதன் தன்மையை உணர்தல் என அது விரிந்தது. தன்னாக்க வகுப்பில் ஒரு கருப்பொருள் மட்டுமே தரப்படும். அதற்கான அசைவை மாணவரே கண்டறிய வேண்டும். ஆசிரியர் ஆடிக்காட்டுவதில்லை. மாணவர் ஒவ்வொருவரும் வேறுபட்ட விடையைத் தரும் உரிமை பெற்றிருந்தனர். ஒரே சரியான விடை என ஒன்று இல்லை என்பதே அவ்வகுப்பின் அடிப்படை.

அல்மோரா மையம் குழந்தைகளுக்கென அமைந்ததன்று. அங்குப் பயின்றோரில் பெரும்பாலோர் இளைஞர். எனினும் குழந்தைகளுக்கான படைப்பாக்க அசைவு பிற்காலத்தில் எந்த முறையில் கற்பிக்கப்பட்டதோ, அம்முறை பெரிதும் இங்கு உருவானது. 1944-ல் மையம் மூடப்பட்டது. போர்க்காலப் பொருள் நெருக்கடி மட்டுமன்றி, நிறுவனத்தை நடத்துவதா படைப்புகளை உருவாக்குவதா என்னும் உதயசங்கரின் அகப்போராட்டமும் இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. பின்னர் அவர் சென்னை ஜெமினி படப்பிடிப்பு நிலையத்தில் எடுத்து 1948-ல் வெளியிட்ட 'கல்பனா' திரைப்படம், இமயத்தில் கலைமையம் அமைக்க முயலும் ஓர் ஆடற்கலைஞனின் கதையாகும்.

கந்தப்பப் பிள்ளையும் பாலசரசுவதியும்: ஒரு மறுப்புரை

அல்மோராவுக்குச் சென்ற கந்தப்பப் பிள்ளை தஞ்சை நால்வர் வழியில் வந்த நட்டுவனார், பாலசரசுவதியின் ஆசான். 1918-ல் பிறந்த பாலசரசுவதி, அவரிடம் கடும்பயிற்சி பெற்று 1925-ல் காஞ்சிபுரத்தில் ஏழாம் அகவையில் அரங்கேறினார். அத்தகைய ஆசான் தம் வாழ்வின் இறுதிக் காலத்தில் அல்மோராவில் கற்பித்து, 1941-ல் மறைந்தார். கந்தப்பப் பிள்ளையின் மாணவியருள் மற்றொருவரான லட்சுமி சாஸ்திரியும் அல்மோராவில் பயின்றார். பிற்காலத்தில் லட்சுமி சங்கர் என்னும் பெயரில் இந்துஸ்தானி இசைப் பாடகியாகப் புகழ்பெற்றவர் அவரே.

கந்தப்பப் பிள்ளை அல்மோரா சென்றதை மரபின் பணிவு எனவோ புதுமையின் வெற்றி எனவோ கொள்ளுதல் பொருந்தாது. ஆதரவு குன்றிய காலத்தில் மரபுவழி ஆசான்களுக்குப் புதிய நிறுவனங்கள் வாழ்வளித்தன. புதிய நிறுவனங்களுக்கு அவ்வாசான்கள் ஆழம் அளித்தனர். இருவருக்கும் இருவர் தேவைப்பட்டனர்.

எனினும் கட்டற்ற அசைவே படைப்பாற்றலின் ஊற்று என்னும் கருத்துக்கு வலுவான மறுப்பு கந்தப்பப் பிள்ளையின் மாணவியிடமிருந்தே வந்தது. 1975-ல் சென்னைத் தமிழ் இசைச் சங்க விழாவில் ஆற்றிய தலைமையுரையில் பாலசரசுவதி, மரபின் கட்டுப்பாடே கலைஞருக்கு நிறைவான விடுதலையைத் தருகிறது என வாதிட்டார். ஒரு வரிக்குப் பலநூறு பாவங்களை அவ்வப்பொழுதே கற்பித்து ஆடிய கலைஞரின் கூற்று என்பதால் இது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அவருடைய தன்னாக்கம் நெடிய பயிற்சியின் கனியாகும்.

இவ்விரு கருத்துகளுக்கும் இடையிலான முரண் தோற்ற அளவிலானதே. பாலசரசுவதி பேசியது கலைஞராக உருவாகும் ஒருவரைப் பற்றி. தாகூர் பேசியது கலைஞராகப் போகாத குழந்தைகளையும் உள்ளிட்ட அனைவரையும் பற்றி. கலைக்குடும்பத்தில் பிறந்த குழந்தை முறையான பயிற்சிக்கு முன்பே பாட்டையும் தாளத்தையும் அபிநயத்தையும் வீட்டில் பார்த்தும் கேட்டும் விளையாடியும் உள்வாங்கியிருக்கும். அச்சூழல் வாய்க்காத குழந்தை நேரே அடவு வகுப்பில் நிறுத்தப்படும்பொழுது, முதற்படி விடுபட்டுப் போகிறது. அவ்விடுபட்ட படியை அமைத்துத் தருவதே படைப்பாக்க அசைவின் பணி எனக் கொண்டால் இரண்டும் பகையாவதில்லை.

அடையாறு: மற்றொரு வழி

சென்னை அடையாற்றில் 1936-ல் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திராவை நிறுவினார். 1939-ல் மரியா மாண்டிசோரி அடையாறு வந்து, ஏறத்தாழ 300 பேருக்கு ஆசிரியப் பயிற்சி அளித்தார். தரையில் வரைந்த கோட்டின்மீது குழந்தைகள் இசைக்கேற்ப நடத்தல், ஓசையெழாமல் அசைதல் முதலிய பயிற்சிகள் மாண்டிசோரி முறையில் இன்றியமையாதன. ஒரே வளாகச் சூழலில் ஒருபுறம் குழந்தையின் தன்னியக்கத்தைப் போற்றும் கல்விமுறையும், மறுபுறம் அடவுகளைச் சீராக வரிசைப்படுத்திப் பயிற்றும் ஆடல்முறையும் அமைந்தன. அடையாறு இரண்டையும் அருகருகே வைத்தது. அல்மோரா இரண்டையும் ஒரே பாடத்திட்டத்தில் இணைக்க முயன்றது. வேறுபாடு இதுவே.

மிருணாளினி சாராபாய் (1918 - 2016) இவ்வழிகள் பலவற்றையும் தம் வாழ்வில் கண்டவர். சென்னைச் சுவாமிநாதன் - அம்மு தம்பதியரின் மகளான அவர், சிறுவயதில் சுவிட்சர்லாந்தில் டால்குரோஸ் முறைப் பள்ளியில் இசையை உடலசைவால் உணரும் பயிற்சியைப் பெற்றார். பின்னர்ச் சாந்திநிகேதனில் தாகூரின் நாட்டிய நாடகங்களில் பங்கேற்றார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்றார். 1949-ல் அகமதாபாதில் அவர் நிறுவிய தர்ப்பணா, குஜராத்தில் ஆடற்கல்வி வேரூன்ற வழிவகுத்தது.

பள்ளிகளுக்குள்: தில்லியும் கல்கத்தாவும்

அல்மோரா மூடப்பட்ட பின்னர் அதன் மாணவர்கள் பல இடங்களுக்குச் சென்றனர். சாந்திபர்தன் 1944-ல் இந்திய மக்கள் நாடக மன்றத்தின் மையக்குழுவில் இணைந்தார். 1952-ல் பம்பாயில் 'லிட்டில் பாலே ட்ரூப்' குழுவை அமைத்து, மனிதர் பொம்மைகள்போல் அசைந்தாடும் இராமாயணத்தை உருவாக்கினார். நரேந்திர சர்மா தில்லி மாடர்ன் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்து பல்லாண்டுகள் பணியாற்றினார். 1972-ல் 'பூமிகா' என்னும் படைப்பு நடன மையத்தை நிறுவினார். ஆடற்கலைஞராக விரும்பாத பள்ளி மாணவரிடத்தும் அல்மோரா முறையைக் கொண்டு சென்றவர் என்பதால் இவ்வரலாற்றில் அவர் இடம் தனித்துவமானது.

கல்கத்தாவில் 1965-ல் தொடங்கப்பட்ட உதயசங்கர் இந்தியப் பண்பாட்டு மையத்தை அமலா சங்கர் நெடுங்காலம் வழிநடத்தினார். அங்குச் சிறுவயதினரே பெருந்தொகையினராகப் பயின்றனர். அல்மோராவின் தன்னாக்க வகுப்பு குழந்தைகளுக்கான முறையாக நிலைபெற்றது அங்கேதான் எனலாம். அரசு நிலையில், 1956-ல் நேருவின் ஆர்வத்தால் தில்லியில் தோன்றிய பால் பவன், தேர்வும் மதிப்பெண்ணும் இன்றிக் குழந்தைகள் கலைகளில் ஈடுபடும் இடமாக அமைந்தது.

இம்மரபுக்கு வெளியிலிருந்தும் இதனை ஒத்த முயற்சிகள் எழுந்தன. கதக்கும் கதகளியும் பயின்ற அஸ்தாத் தேபூ (1947 - 2020), கல்கத்தாவின் 'ஆக்‌ஷன் பிளேயர்ஸ்' குழுவினரோடும் சென்னை கிளார்க் பள்ளியின் செவித்திறன் குறைந்த மாணவியரோடும் பல ஆண்டுகள் பணியாற்றினார். தில்லியில் 'சலாம் பாலக்' அறக்கட்டளையின் காப்பிலிருந்த தெருவோரச் சிறுவர்களோடும் படைப்புகளை உருவாக்கினார். இசையைக் கேளாத மாணவி, ஒலியைப் பின்பற்றி ஆட இயலாது. காலத்தைத் தன் உடலுக்குள்ளேயே எண்ணி உணர வேண்டும். அசைவு குழந்தைக்குள்ளேயே உள்ளது என்னும் கொள்கைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பதிவின் சிக்கல்

மேற்கூறிய வரலாற்றை எழுதுவதில் அடிப்படைச் சிக்கல் ஒன்று உள்ளது. மேடை நிகழ்ச்சிகளுக்கு நாள், இடம், விமரிசனம், ஒளிப்படம் ஆகிய சான்றுகள் கிடைக்கின்றன. வகுப்பறையில் ஒரு குழந்தை முதன்முறையாகத் தானே கண்டறிந்த அசைவுக்குச் சான்று எதுவும் எஞ்சுவதில்லை. எனவே உதயசங்கரின் பணி அவருடைய மேடைப் படைப்புகளைக் கொண்டும், சாந்திநிகேதனின் பணி அதன் நாட்டிய நாடகங்களைக் கொண்டுமே மதிப்பிடப்படுகின்றன. மரபின் தூய்மையைக் காக்கவில்லை என அவற்றைக் குறைகூறிய திறனாய்வாளரும் விளைபொருளையே அளந்தனர், வகுப்பறையை நோக்கவில்லை.

வகுப்பறையின் பயனை வேறொரு வகையில் காணலாம். அல்மோராவில் பயின்றோருள் குருதத் திரைப்பட இயக்குநரானார். அங்குக் கற்பித்த ஜோஹ்ரா சேகல் நடிகையானார். லட்சுமி சங்கர் பாடகியானார். நரேந்திர சர்மா ஆசிரியரானார். நான்கே ஆண்டுகள் முழுவீச்சில் இயங்கிய ஒரு நிறுவனம் இத்துணை வேறுபட்ட துறைகளில் தடம் பதித்தமைக்கு ஒரே ஆடல்வடிவத்தைக் கற்பித்தது காரணமாக இருக்கவியலாது. தானே கண்டறியும் பழக்கத்தைப் பயிற்றியதே காரணம் எனக் கொள்வது பொருந்தும்.

இப்பயன் பரவலாகவில்லை என்பதையும் மறைத்தல் கூடாது. சாந்திநிகேதன், அல்மோரா, தில்லி, கல்கத்தா ஆகிய எல்லா இடங்களிலும் வாய்ப்புப் பெற்றோர் பெரும்பாலும் கல்வியும் வசதியும் உள்ள குடும்பத்தினரே. எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது எனத் தொடங்கிய முறை, கட்டணம் செலுத்த இயன்ற சிலருக்கே கிட்டியது. மறுபுறம், பெரும்பாலான பள்ளிகளில் ஆடல் என்பது ஆண்டுவிழாவிற்கென ஒருமாதம் பயிற்றி மேடையேற்றும் நிகழ்ச்சியாகச் சுருங்கிற்று. பதிவுசெய்த பாடலுக்கு எல்லாரும் ஒரே அசைவைச் செய்யும் அந்நிகழ்ச்சி, தாகூர் மாற்ற விரும்பிய அணிப்பயிற்சியின் மறுவடிவமே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன புலனாகின்றன. குழந்தைகளுக்கான படைப்பாக்க அசைவு இந்தியாவில் 1920களிலிருந்தே தொடரும் வரலாறுடையது. சாந்திநிகேதன், டார்ட்டிங்டன், அல்மோரா ஆகிய மூன்றும் மனிதர்களாலும் பொருளாலும் கருத்தாலும் இணைந்தவை; அவ்விணைப்பில் கிழக்கும் மேற்கும் கொடுத்தும் கொண்டும் உள்ளன. தஞ்சை நட்டுவனார் மரபின் ஆசான் ஒருவர் இவ்வரலாற்றில் பங்குகொண்டிருப்பது தமிழாய்வாளர் சிறப்பாகக் கருதத்தக்கது. மரபுப் பயிற்சியும் தன்னியல்பான அசைவும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல, முன்பின்னாக அமையத்தக்கன.

2005-ன் தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பு கலைகளைப் பள்ளிக்கல்வியின் எல்லா நிலைகளிலும் வேண்டியது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை கலைகளைப் பிற பாடங்களோடு ஒருங்கிணைக்க வலியுறுத்தியது. இவை நடைமுறையாக வேண்டுமெனில் ஆடிக்காட்டும் ஆசிரியர் மட்டுமன்றி, காத்திருந்து காணும் ஆசிரியரும் தேவை. பிள்ளைத்தமிழ்க் கவிஞர் குழந்தையின்முன் நின்ற நிலை அதுவே. அவர் குழந்தையை ஆடுக என வேண்டினார். எவ்வாறு ஆட வேண்டும் எனக் கூறவில்லை. அந்நிலையைக் கல்விமுறையாக்க முயன்ற ஆசிரியர்களின் வகுப்புக் குறிப்புகளையும் மாணவர் நினைவுகளையும் தேடித் தொகுப்பது, ஆடற்கலை வரலாற்றாய்வின் முன்னுள்ள உடனடிப் பணியாகும். மேடையில் ஏறாத அசைவுகளுக்கு வேறு எவரும் சான்று வைத்திருக்கப் போவதில்லை.